மடிப்புக்குள் இருப்பது

2024ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள் மஃரிப் தொழுகையை முடித்துக்கொண்டு வீடு திரும்பினேன். என் இளைய மகன் கணினியை மூடி வைத்துவிட்டு, துக்கச் செய்தி கேட்டவனைப்போல் முகம் வாடி உட்கார்ந்திருந்தான். என்னவென்று வினவினேன். “டாக்டர் ஹூ போய்விட்டார், அத்தா. இனிமேல் தேற மாட்டார்” என்றான். அவனுக்குத் தெரிந்த மருத்துவர் எவரோ மரணப் படுக்கையில் இருக்கிறார் போலும் என்று எண்ணி, அவருடைய சுகத்திற்காக துஆச் செய்யக் கைகளை உயர்த்திவிட்டேன். துக்கத்தை மறந்து அவன் சிரித்துவிட்டான்.

பிறகுதான் விளங்கிற்று. ‘டாக்டர் ஹூ’ என்பது ஆங்கில நாட்டு பி.பி.சி. தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டிலிருந்து ஒளிபரப்பி வரும் அறிவியல் புனைகதைத் தொடர். இடையில் நீண்ட காலம் நின்றுபோய், 2005இல் மீண்டும் தொடங்கிற்று. வேற்றுலகிலிருந்து வந்த ஒருவர் நீல நிறக் காவல் பெட்டி ஒன்றில் ஏறிக் காலத்தின் ஊடே பயணம் செய்கிறார். அவருக்குப் பெயர் கிடையாது. ‘டாக்டர்’ என்பதே அழைப்பு. மரணம் நெருங்கும்போது அவருடைய உடல் மாறிப் புது முகமும் புதுக் குணமும் கொள்ளும். நினைவு மட்டும் தொடரும். இந்த ஏற்பாட்டினால், நடிப்பவர் எத்தனை பேர் மாறினாலும் கதை முடிவதில்லை. அந்த மே மாதத்தில், ருவாண்டா நாட்டில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்த ஷூட்டி கட்வா என்னும் இளைஞர் டாக்டராக நடிக்கும் புதுத் தொடர், முதலாம் பருவம் என்று புதிதாக எண்ணிடப்பட்டு வெளிவந்தது. முதற்கதையில் விண்வெளி நிலையம் ஒன்றில் கைக்குழந்தைகள் பெரியவர்களைப்போல் பேசுகின்றன. என் மகனுக்கு அது பொறுக்கவில்லை. முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு, அறுபதாண்டுத் தொடருக்கு அவன் முடிவுரை எழுதிவிட்டான்.

அவன் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் சாம்பிள் பிரிவில் வேலை பார்ப்பவன். ஆகையால் அவனுடைய தொழிலைக் கொண்டே கேட்டேன். “நிட்டிங் மிஷினிலிருந்து இறங்கிய துணியைப் பார்த்தவுடன் இது தேறும், இது தேறாது என்று உங்கள் கம்பெனியில் சொல்லிவிடுவீர்களா?” அவன் சற்றுத் தயங்கினான். இழுவிசையோடு சுற்றப்பட்ட துணியை விரித்து ஆறவிட்ட பிறகே வெட்ட வேண்டும் என்றான். துவைத்துப் பார்க்காமல் அதன் சுருக்கம் தெரியாது. சாயம் நிற்குமா, கசியுமா என்பதும் தெரியாது. மேசைமீது நேராகப் படுத்திருக்கும் சட்டையின் பக்கத் தையல், ஒரு துவைப்புக்குப் பின் முறுக்கிக்கொண்டு முன்புறம் வந்து நிற்பதும் உண்டு என்றான். சொல்லி முடித்ததும், நான் எங்கே வருகிறேன் என்பது அவனுக்கே புரிந்துவிட்டது.

முதற்பார்வை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? அதிலிருந்து ஒரு தீர்ப்பை எழுப்ப நமக்கு உரிமை உண்டா? அன்றிரவு இக்கேள்விகள் என்னை விடவில்லை. அதற்கு அந்தத் தொலைக்காட்சித் தொடர் மட்டும் காரணமன்று. என் வாழ்வில் ஒரு பழைய கடன் இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

கற்பனைக் கதையும் நம் மரபும்

மத்ரஸாவில் பாடம் நடத்துகிறவனுக்கு அறிவியல் புனைகதை எதற்கு என்று சில பெரியவர்கள் புருவத்தை உயர்த்தக்கூடும். யாருமற்ற தீவில் தன்னந்தனியே வளரும் குழந்தை, தன் அறிவு ஒன்றையே துணையாகக் கொண்டு இயற்கையை ஆராய்ந்து, படைத்தவனை அறிந்துகொள்ளும் கதையை அந்தலூஸியாவின் இப்னு துஃபைல் எழுதினார். 1185இல் காலமான அவர் மருத்துவர், தத்துவ அறிஞர். அவருடைய கதாநாயகன் பெயர் ஹய் இப்னு யக்ளான். அந்தப் பெயர் அவருடைய சொந்தப் படைப்பன்று. அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இப்னு ஸீனா அதே பெயரில் வேறொரு கதையை எழுதியிருந்தார். ஷிஹாபுத்தீன் ஸுஹ்ரவர்தியோ, இப்னு ஸீனாவின் கதை ஓரிடத்தில் நின்றுவிட்டதாகக் கருதி, அவ்விடத்திலிருந்து தம் கதையைத் தொடங்கினார். ஒரே பெயரை ஒருவர்பின் ஒருவராகக் கையிலெடுத்துப் புதிய உள்ளத்தைப் புகுத்துவது நம் முன்னோர்க்குப் பழகிய வேலைதான் என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. வங்கத்தின் ருகையா ஸகாவத் ஹுஸைன், பெண்கள் ஆட்சி புரியும் நாடொன்றையும், அங்கே வானில் ஓடும் ஊர்தியையும், சூரிய வெப்பத்தைச் சேகரித்துப் பயன்படுத்தும் அறிவையும் கற்பனை செய்து ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதையை ஆங்கிலத்தில் எழுதினார். 1905இல் அதனை முதலில் வெளியிட்டது நம் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்கள் இதழ். தமிழில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வையும், அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வையும் படித்து வளர்ந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. ஆதலின் இத்துறை நமக்கு அந்நியமன்று.

முதலில் நிராகரிக்கப்பட்ட முதற்கதை

‘டாக்டர் ஹூ’வின் பிறப்பைப் பற்றிப் படித்தபோது எனக்கு வியப்பு மேலிட்டது. அதன் முதற்கதையை இயக்கியவர் வாரிஸ் ஹுஸைன். 1938இல் லக்னோவில் பிறந்தவர். ‘உடைந்த தூணின்மேல் வெயில்’ என்று பொருள்படும் ஆங்கில நாவலை 1961இல் வெளியிட்ட அத்தியா ஹுஸைனின் புதல்வர். தொடரின் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் என்னும் இளம்பெண். இந்தியாவில் பிறந்த இருபத்துநான்கு வயது இளைஞரும், முப்பது வயது நிரம்பாத ஒரு பெண்ணும் அக்காலத்து பி.பி.சி.யில் எத்தகைய முதற்பார்வைகளைச் சந்தித்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் எடுத்த முதற்பகுதியை நாடகத் துறையின் தலைவர் சிட்னி நியூமன் பார்த்தார்; ஏற்க மறுத்தார். ஆனால் அவர்களை வேலையிலிருந்து நீக்கவில்லை. குறைகளை எடுத்துக் கூறி, அதே பகுதியை மறுபடியும் எடுக்கச் சொன்னார். பொருளில் குறை கண்டார், ஆட்களைக் கைவிடவில்லை. அப்படி இரண்டாம் முறை எடுக்கப்பட்டது 1963 நவம்பர் 23ஆம் நாள் ஒளிபரப்பாயிற்று. அதற்கு முந்திய நாள்தான் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். உலகமே அந்தச் செய்தியில் மூழ்கியிருந்த வேளையில் ஒரு கற்பனைக் கதை எத்தனை பேர் மனத்தில் பதியும்? அடுத்த வாரம், இரண்டாம் பகுதிக்கு முன்பாக முதற்பகுதியை மீண்டும் ஒளிபரப்பினார்கள். முதற்பார்வைக்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுத்தார்கள் என்று இதைச் சொல்லலாம்.

இன்னொன்றும் நடந்தது. கோரமான ஜந்துக்கள் இத்தொடரில் வரவே கூடாது என்பது நியூமனின் கட்டளை. ஆனால் டிசம்பர் 21ஆம் நாள் தொடங்கிய இரண்டாங்கதையில், உலோகக் கூட்டுக்குள் வாழும் ‘டேலக்’ என்னும் கொடிய இனம் தோன்றிற்று. நியூமன் சினந்தார். லாம்பர்ட் தம் முடிவில் உறுதியாக நின்றார். அந்த டேலக்குகள்தாம் தொடரை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. தாம் கருதியது பிழை என்று நியூமனே பின்னர் ஒப்புக்கொண்டார். ஆக்கியவரின் முதற்பார்வையே தவறியதென்றால், தொலைவில் இருந்து பார்ப்பவனுடைய பார்வையைப் பற்றி என்ன சொல்வது?

மூன்று ஆண்டுகளுக்குப் பின், முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் உடல்நலம் குன்றியதால் விலக நேர்ந்தது. 1966இல் பேட்ரிக் டிரௌட்டன் அவருடைய இடத்துக்கு வந்தார். பார்ப்போர் மனத்தில் எழக்கூடிய ஐயத்தைக் கதை எழுதியவர்கள் கதைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். உடன் பயணம் செய்த இருவரில் ஒருத்தி ‘இவர் அவரே’ என்று நம்புகிறாள். மற்றவன் நம்ப மறுக்கிறான். அவரை முதலில் அடையாளம் கண்டுகொள்வது எது தெரியுமா? அவருடைய பகைவனான டேலக்! தோழன் முகத்தைப் பார்த்து மயங்கி நின்றான். பகைவன் முகத்துக்கு உள்ளே இருந்தவரைக் கண்டுகொண்டான். இக்கதையின் ஆறு பகுதிகளில் ஒன்றேனும் முழுமையாக இன்று இல்லை என்கிறார்கள். பழைய நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்துவது அக்கால வழக்கம். ஒலிப்பதிவு மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. முதல் நாள் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர்களும் போனார்கள். தீர்ப்புச் சொல்லப்பட்ட பொருளும் போயிற்று.

ஹிதாயா காட்டும் துணி

இனி, நான் கற்ற நூலுக்கு வருகிறேன். ஹனஃபி மத்ஹபின் பெரும் சட்ட நூலாகிய ‘ஹிதாயா’வை இயற்றியவர் 1197இல் மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்). இன்றைய உஸ்பெகிஸ்தானில் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற மர்கிலான் நகரம்தான் அவருடைய பெயரில் விளங்குவது. துணியின் குணம் தெரிந்த ஊர்க்காரர் என்று வைத்துக்கொள்ளலாம்.

வாணிபத்தைப் பற்றிய பாடத்தில் ‘கியாருர் ருஃயத்’ என்று ஓர் உரிமை பேசப்படுகிறது. கண்ணால் காணாமல் ஒரு பொருளை வாங்கியவன், அதைக் கண்ட பின்பு வேண்டாமென்று திருப்பிவிடலாம். நல்லது, எவ்வளவு பார்த்தால் ‘பார்த்துவிட்டான்’ என்று கொள்வது? தானியக் குவியலானால் அதன் மேற்பரப்பைப் பார்த்தால் போதும். ஒரு பிடி மற்றப் பிடியைப் போன்றதே. மடித்து வைத்த துணியானால் அதன் வெளிப்புறத்தைப் பார்த்தாலும் போதும். எஞ்சியதை அதிலிருந்தே அறியலாம். ஆனால் ஒரு விலக்கு உண்டு. அந்தத் துணியை எதற்காக வாங்குகிறானோ அந்தச் சிறப்பு, வேலைப்பாடுள்ள கரை போல, மடிப்புக்குள் இருக்குமானால், விரித்துப் பார்க்காதவரை அவன் துணியைப் பார்த்தவனாக மாட்டான்.

வீட்டைப் பற்றியும் அங்கே ஒரு கருத்து வேற்றுமை பேசப்படுகிறது. முற்றத்தைப் பார்த்தால் போதும் என்பது பழைய விடை. அறைகளுக்குள் புகுந்து பார்த்தே ஆக வேண்டும் என்றார் இமாம் ஸுஃபர் (ரஹ்). மர்கீனானீ அவர்கள் இதற்குக் கூறும் விளக்கம் என் நெஞ்சைத் தொட்டது. முன்னோர் காலத்தில் வீடுகள் ஒரே அமைப்பில் இருந்தன. முற்றத்தைக் கண்டவன் வீட்டைக் கண்டவனானான். இன்றோ வீட்டுக்கு வீடு வேறுபடுகிறது. ஆகவே உள்ளே நுழைந்துதான் பார்க்க வேண்டும் என்கிறார். வேறுபாடு பெருகப் பெருக உள்ளே சென்று பார்க்கும் கடமையும் பெருகுகிறது என்பதல்லவா இதன் கருத்து?

முதற்பார்வையை முற்றிலும் தள்ள வேண்டியதில்லை என்பதும் இதனால் தெரிகிறது. அரிசியைக் கைப்பிடி எடுத்துப் பார்த்து விலை பேசுகிறோம். செக்கிங் மேசையில் இருக்கும் பெண் துணியில் ஓட்டையைக் கண்டால் மறு விசாரணை வைப்பதில்லை. தானியம் போன்ற பொருள்களுக்கு முதற்பார்வை போதிய சாட்சி. ஆனால் எதன் சிறப்பு மடிப்புக்குள் இருக்கிறதோ, அதற்கு அது சாட்சியாகாது. கதை அத்தகையது. மனிதன் அதனினும் அத்தகையவன்.

பஞ்சாபில் ஒரு திருமணம்

என் மகன் எனக்கு அந்தத் தொடரின் வேறொரு பகுதியைக் காட்டினான். அது 2018 நவம்பர் 11ஆம் நாள் ஒளிபரப்பானது. எழுதியவர் வினய் படேல். அந்த ஆண்டில்தான் ஜோடி விட்டேக்கர் என்னும் பெண் டாக்டராக நடித்த முதல் பருவம் வெளிவந்தது. ஒரு நொடிக் காட்சிகூட வெளிவருமுன், 2017இல் அவருடைய பெயர் அறிவிக்கப்பட்டபோதே, தொடர் அழிந்தது என்று கூவியவர்கள் பலர்.

அப்பகுதியில் டாக்டரோடு பயணம் செய்பவள் ஷெஃபீல்டு நகரத்தில் வளர்ந்த யாஸ்மின் கான் என்னும் முஸ்லிம் பெண். தன் பாட்டி கொடுத்த உடைந்த கைக்கடிகாரத்தின் வரலாற்றை அறிய விரும்பி, 1947 ஆகஸ்டு மாதத்துப் பஞ்சாபுக்குப் போகிறாள். ராட்கிளிஃப் வரைந்த எல்லைக்கோடு ஆகஸ்டு 17ஆம் நாள் வெளியிடப்பட்டதை நாம் அறிவோம். அந்தக் கோடு ஒரு சிற்றூரின் நடுவே விழுகிறது. இளம்பெண்ணாயிருந்த பாட்டி அங்கே ஓர் இந்து இளைஞனை மணக்கவிருக்கிறாள். அத்திருமணத்தைப் பற்றிய மார்க்கச் சட்டத்தை இங்கே நான் பேசவில்லை; கதை எதைக் காட்டுகிறது என்பதையே பேசுகிறேன்.

திருமணத்தை நடத்த வந்த சாது காட்டில் இறந்து கிடக்கிறார். அவருடைய உடலருகே அச்சமூட்டும் முகத்தோடு இரு வேற்றுலகத்தார் நிற்கிறார்கள். அவர்களே கொலைஞர் என்று டாக்டரும் எண்ணுகிறார். பார்க்கும் நாமும் எண்ணுகிறோம். உண்மை வேறு. அவர்களுடைய இனம் ஒரு காலத்தில் கொலைத் தொழில் புரிந்தது மெய்தான். ஆனால் தங்கள் உலகமே அழிந்து, தங்கள் மக்களுக்காக அழக்கூட ஆளில்லாமல் போன பிறகு, அவர்கள் வேறொரு பணியை மேற்கொண்டார்கள். எவரும் அறியாமல், எவரும் அழாமல் இறக்கின்ற மனிதனின் பக்கத்தில் நின்று, அவனுக்குச் சாட்சியாகி, மரியாதை செய்துவிட்டுப் போவதே அப்பணி. சாதுவைக் கொன்றவன் அவர்களல்லன். மணமகனின் கூடப்பிறந்த தம்பி. நேற்றுவரை ஒரே கூரையின்கீழ் உண்டவன். கடைசியில் அண்ணனும் அவன் அழைத்து வந்த கூட்டத்தின் கையால் உயிரிழக்கிறான். முகத்தால் அஞ்சத்தக்கவர்கள் ஜனாஸாவுக்கு நின்றார்கள். முகத்தால் நம்பத்தக்கவன் கொலை செய்தான்.

படம் முடிந்த பின் வெகு நேரம் நானும் என் மகனும் பேசவில்லை. பிரிவினையில் மாண்ட எண்ணற்றவர்களுக்குக் கபன் இட்டவர் யார்? தொழுகை நடத்தியவர் யார்? அந்தக் கேள்வியை ஒரு விண்வெளிக் கதை வந்து கேட்க வேண்டியிருந்தது. அந்த நடிகையின் பெயரை மட்டும் கேட்டுத் தொடரைக் கைவிட்டவர்கள் இந்தக் கேள்வியை இழந்தார்கள்.

உஸாமா (ரலி) அவர்களின் இரு வரலாறுகள்

அவசரத் தீர்ப்பைப் பற்றிப் பேசும்போது மூஸா (அலை) அவர்களும் கிள்ரு (அலை) அவர்களும் சேர்ந்து நடந்த வரலாறே எவர்க்கும் நினைவுக்கு வரும். வெள்ளிதோறும் கஹ்ஃபு அத்தியாயத்தை ஓதும் வாசகர்களுக்கு அதனை நான் விரிக்கத் தேவையில்லை. வேறொருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்கள் ஒரு படையில் சென்றிருந்தபோது, எதிரி ஒருவன் தப்ப வழியின்றிக் கலிமாவைச் சொன்னான். வாளுக்கு அஞ்சிச் சொல்கிறான் என்று கருதிய உஸாமா அவனை வெட்டிவிட்டார். செய்தி அறிந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அவனுடைய நெஞ்சைப் பிளந்து பார்த்தீரா என்ற பொருள்படத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இதற்கு முன் முஸ்லிமாகாமல், இன்றுதான் முஸ்லிமாகியிருக்கக் கூடாதா என்று ஏங்கும் அளவுக்கு உஸாமா வருந்தினார். நெஞ்சின் மடிப்பை விரித்துப் பார்க்கும் ஆற்றல் அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது.

சில ஆண்டுகள் சென்றன. ஹிஜ்ரி 11இல் நாயகம் (ஸல்) அவர்கள் தமது இறுதி நாட்களில் ஒரு படைக்கு அதே உஸாமாவைத் தலைவராக்கினார்கள். அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை என்பர். தந்தையோ முன்னர் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர். மூத்தவர் பலர் இருக்க இந்தச் சிறுவனா என்று சிலர் குறை பேசினார்கள். நோயுற்றிருந்த நிலையிலும் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து வந்து கண்டித்தார்கள். இவருடைய தந்தையின் தலைமையையும் முன்பு இப்படித்தான் குறை கூறினீர்கள், அவரோ அதற்குத் தகுதியானவராகவே இருந்தார் என்று நினைவூட்டினார்கள். நாயகத்தின் மறைவுக்குப் பின், கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் அப்படையை வழியனுப்பியபோது உஸாமா வாகனத்தில் அமர்ந்திருக்கத் தாம் பக்கத்தில் நடந்தே சென்றார்கள்.

ஒருவரே ஒரு முறை அவசரத் தீர்ப்பைச் செய்தவராகவும், மறுமுறை அவசரத் தீர்ப்புக்கு ஆளானவராகவும் இருப்பதைப் பாருங்கள். நம்மில் எவர்தாம் இவ்விரண்டுக்கும் புறம்பானவர்?

என் கடன்

முன்பு சொல்வதாகக் கூறியதை இப்போது சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், இவ்வூரின் ஒரு பகுதியில் இருந்த மத்ரஸாவில் முப்பதாண்டுகள் பாடம் நடத்திய பெரியவர் காலமானார். கணீரென்ற குரல் அவருக்கு. அவர் பாடம் நடத்தினால் தெருமுனையில் நிற்பவருக்கும் மனப்பாடமாகிவிடும். அவருடைய இடத்துக்கு வெளி மாவட்டத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். ஃபஜ்ருக்குப் பின் அவர் நடத்திய முதல் பாடத்தைக் கேட்கப் போயிருந்தேன். மெல்லிய குரல். இரண்டாம் வரிசைப் பிள்ளைகளே காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது.

அன்று இரவு தேநீர்க் கடையில் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர், “ஹஸ்ரத், புதிதாக வந்தவர் எப்படி?” என்று கேட்டார். “பெரியவர் இருந்த இடம் பெரிய இடம். இவருக்குக் குரலே எழவில்லை” என்றேன். அவ்வளவுதான். பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் சொல்லுக்கு அங்கே எடை இருந்தது என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ‘ஹஸ்ரத்தே சொல்லிவிட்டார்’ என்று அது வீடுவீடாகப் போயிற்று. பிள்ளைகளின் வருகை குறைந்தது. ஏழு மாதங்களில் அந்த இளைஞர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

அவர் போன பின், பீஹாரிலிருந்து வந்து பனியன் கம்பெனியில் டெய்லராக வேலை செய்யும் ஒருவர் மத்ரஸாவைத் தேடி வந்தார். “மௌலானா எங்கே?” என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கும் அவருடைய தோழர்களுக்கும் தமிழ் எழுத்துக் கற்றுக்கொடுத்திருக்கிறார் அந்த இளைஞர். பேருந்தின் பெயர்ப் பலகையையும், கம்பெனியில் கையெழுத்து வாங்கும் தாளையும் படிக்கத் தெரிந்ததே அவரால்தான் என்றார் வந்தவர். மேலும் ஒன்று சொன்னார். மத்ரஸாவின் சுவரை ஒட்டிய லைன் வீடுகளில் இரவு ஷிஃப்டு முடிந்து வந்தவர்கள் விடியற்காலையில்தான் கண்ணயர்வார்களாம். அவர்களுடைய தூக்கம் கலையக் கூடாதென்று மௌலானா காலைப் பாடத்தை மெல்லிய குரலில் நடத்தினாராம்.

நான் எதைக் குறை என்று சொன்னேனோ அதுதான் அந்த மனிதருடைய கரை வேலைப்பாடு. அது மடிப்புக்குள் இருந்தது. நான் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு விலை சொல்லிவிட்டேன்.

முகவரி தேடிக் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டேன். பதில் வந்தது. ஸலாமும் துஆவும், தம் தாயாரின் உடல்நிலை பற்றிய ஒரு வரியும் இருந்தன. மன்னித்தேன் என்றும் இல்லை. மன்னிக்கவில்லை என்றும் இல்லை. அந்தக் கடிதம் இன்றும் என் ஹிதாயாப் பிரதிக்குள் இருக்கிறது.

ஒரு வினாவும் விடையும்

இவ்வளவும் கேட்ட என் மகன் நியாயமான ஒரு வினாவை எழுப்பினான். “அப்படியானால் பிடிக்காத கதையையும் கடைசி வரை பார்த்தே ஆக வேண்டுமா, அத்தா? வாழ்நாள் போதாதே!”

போதாதுதான். அதற்கும் அந்தச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. கண்டு பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க ஷரீஅத் வாங்குபவனுக்கு உரிமை தந்திருக்கிறது. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் திருப்பிக் கொடுப்பது வேறு. கடைவீதியில் நின்று ‘இந்தச் சரக்கு கெட்டது’ என்று முழங்குவது வேறு. முன்னது என் உரிமை. பின்னது சாட்சியம் கூறுதல். சாட்சி சொல்பவனுக்கு முழுமையாகக் கண்டிருக்க வேண்டிய கடமை உண்டு. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று எழுந்து போகலாம். ‘இது தேறாது’ என்று சொல்ல வேண்டுமாயின் விரித்துப் பார்த்திருக்க வேண்டும். அச்சொல் ஒரு மனிதனுடைய சோற்றையும் மானத்தையும் தொடுமாயின், பார்த்த பின்னும் ஒருமுறை நாவை அடக்க வேண்டும். மிகுதியான ஊகங்களைத் தவிர்க்குமாறு திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுவதன் கருத்தும் இதுவே.

எங்கள் ஊர் காதர்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள். கடல்கடந்த வியாபாரி ஏதோ ஒரு சிறு பிழைக்காக ஒதுக்கிய சட்டைகள் அங்கே குவிந்து கிடக்கும். அவற்றை எடுத்துச் சென்று ஆண்டுக்கணக்கில் அணிபவர்கள் இருக்கிறார்கள். அந்த வியாபாரி செய்தது தவறன்று. அது அவருடைய உரிமை. ஆனால் அவருடைய மறுப்பு அந்தச் சட்டையின் கடைசித் தீர்ப்பாகிவிடவில்லை.

என் மகன் அடுத்தடுத்த வாரங்களிலும் தொடரைப் பார்த்தான். மூன்றாங்கதையில், டாக்டர் கண்ணிவெடியின்மேல் காலை வைத்துவிட்டுக் கதை நெடுகிலும் அசைய முடியாமல் நிற்கிறார். சமயப் படை ஒன்று பனிமூட்டத்துக்குள் மறைந்திருக்கும் எதிரியோடு போரிட்டு மடிந்துகொண்டிருக்கிறது. கடைசியில் பார்த்தால் எதிரி என்று ஒருவரும் இல்லை. ஆயுதம் விற்ற நிறுவனத்தின் எந்திரங்களே, விற்பனை நிற்காதிருக்கும்பொருட்டு, கணக்குப் பார்த்து மனிதர்களைக் கொன்றுகொண்டிருக்கின்றன. சிந்திக்காத நம்பிக்கையை அக்கதை சாடுகிறது. நம்பிக்கை என்பதையே சாடுவதுபோல் அது பேசிய இடங்களில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் ஊகத்தையே எதிரியாக்கி உயிர் விடும் அந்தப் படையைப் பார்த்தபோது, தேநீர்க் கடையில் நான் சொன்ன சொல் நினைவுக்கு வராமலில்லை. “அன்று நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், அத்தா. ஆனால் அந்தப் பேசும் குழந்தைகளை இப்போதும் பிடிக்கவில்லை” என்றான் மகன். அது நேர்மையான சொல். இரண்டு பருவங்கள் நடித்து, 2025இல் அந்த நடிகரும் விடைபெற்றுவிட்டார். அவருடைய இடத்துக்கு வரப்போகும் முகத்தையும் மக்கள் முதலில் மேற்புறம் தடவித்தான் பார்ப்பார்கள்.

இந்த ஆண்டு எங்கள் பகுதிக்கு மறுபடியும் ஓர் இளம் உஸ்தாத் வந்திருக்கிறார். அவருடைய முதல் பாடத்துக்குப் பின், அதே தேநீர்க் கடையில், அதே கேள்வியை வேறொருவர் கேட்டார். “இன்னும் சரியாகக் கேட்கவில்லை. அடுத்த ரமலான் கழித்துக் கேளுங்கள், சொல்கிறேன்” என்றேன். அவர் என்னை ஒருவிதமாகப் பார்த்தார். வயதாகிவிட்டது, காது மந்தம் என்று எண்ணியிருப்பார். அது அவருடைய முதற்பார்வை. அதை நான் திருத்தவில்லை.

அறியாமல் தீர்ப்புக் கூறிய நாவுகளை வல்ல அல்லாஹ் மன்னிப்பானாக. நம்முடைய மடிப்புகளை அறிந்தவன் அவன் ஒருவனே.